அப்டேட் நின்ற போன்கள்

2009 நவம்பர் கடைசி வாரத்தில் குமுளி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த எந்த மொபைல் கடையிலும் நிற்க இடம் கிடையாது. ஐ.எம்.இ.ஐ. என்ற தனி அடையாள எண் இல்லாத போன்களுக்கு நவம்பர் 30 நள்ளிரவோடு சிக்னல் நின்றுவிடும் என்று மத்திய அரசு அறிவித்திருந்தது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் கையில் இருந்தது சைனா போன். இரண்டு சிம், டார்ச், பாட்டுப் போட்டால் பக்கத்து லயம் வரை கேட்கும் ஸ்பீக்கர், விலையும் குறைவு. நான் அப்போது அங்கே ஒரு கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். *#06# அடித்துப் பார்ப்பது என் வேலை. சில போன்களில் வரிசையாகப் பூஜ்யம் வரும். சிலவற்றில் எண் வரும், ஆனால் அதே எண் பக்கத்தில் நிற்பவர் போனிலும் வரும். பேட்டரியைக் கழற்றினால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மூன்றாவதாக ஒரு எண் இருக்கும்.

செல்போன் நிறுவனங்களின் சங்கம் அங்கீகரித்த மையங்களில் 199 ரூபாய் வாங்கிக்கொண்டு முறைப்படி எண் பதித்துக் கொடுத்தார்கள். எங்கள் முதலாளி எல்லாரையும் அங்கேதான் அனுப்பினார். "நம்ம கையால நம்பர் எழுதுறது ஆகாதுடா தம்பி" என்பார். அவர் பயந்தது சரிதான். இன்றைக்கு ஐ.எம்.இ.ஐ.யைத் திருத்தினால் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அந்தப் போன்களைச் செய்தது யார் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மேலே பத்துவிதப் பெயர், உள்ளே ஒரே மீடியாடெக் சிப். மென்பொருளை மறுபடி ஏற்ற ஒரு போனுக்கான பிளாஷ் கோப்பு கிடைத்தால் வேறு பெயரில் வந்த இன்னும் நாலு போனுக்கு அதுவே பொருந்தும். டெட் ஆன போனை எழுப்பும் வித்தை அங்கேதான் கைவந்தது. கம்பெனிப் பெயரைப் பார்த்து நம்புகிற பழக்கம் போனதும் அங்கேதான்.

பிறகு ஆண்ட்ராய்டு வந்தது. 2.3 பதிப்பு ஓடிய போன்கள் மலையேறி வந்தபோது எங்கள் பக்கத்துக்கு வேறொரு தலைவலி. தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். போனை ரூட் செய்து, அதாவது உள்ளே கைவைக்க அனுமதி எடுத்து, தமிழ் எழுத்துருவை உள்ளே போட்டால் கட்டம் மறையும், எழுத்து வரும். ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் தமிழுக்குத் தயாராக இல்லை, அதுதான் காரணம். கம்பெனியிடம் கேட்டால் புதிய மாடலில் வரும் என்பார்கள். ஆனால் ஆண்ட்ராய்டின் மூலநிரல் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியே கிடந்தது. எங்கிருந்தோ சில பையன்கள் அதை எடுத்து, அந்தக் கோர்வையைத் திருத்தி, போனின் மொத்த மென்பொருளையும் ஒரே ரோமாகக் கட்டி இணையத்தில் போட்டார்கள். அதை இறக்கி ஏற்றினால் தமிழ் தமிழாகத் தெரிந்தது. போன் செய்தவனுக்குத் தேவைப்படாத தமிழ் எவனுக்கோ தேவைப்பட்டது, அவன் போட்டுக்கொண்டான். திறந்த மூலநிரல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. இதுதான் வகுப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் உள்விவகாரம் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். அதன் உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. அதை வைத்துப் பொருள் செய்து விற்பவன், வாங்கியவர் கேட்டால் மாற்றம் செய்த மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். மேலே இருக்கும் ஆண்ட்ராய்டு பெரும்பாலும் அப்பாச்சி உரிமத்தில் இருக்கிறது. அதை எடுத்துத் தன் பங்குக்கு மாற்றி மூடி வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. கேமரா, மோடம், கைரேகை சென்சார் இவற்றை இயக்கும் துண்டுகள் மூடியே வரும். ஆகவே ‘ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ்’ என்று சொல்லிக் கடையில் விற்கப்படும் போனில் உண்மையில் திறந்திருப்பது ஒரு பங்குதான். கெர்னல் மூலநிரலைக்கூட போன் சந்தைக்கு வந்து பல மாதம் கழித்துக் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. சிலர் கொடுப்பதேயில்லை. எவன் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறான் என்பதைத்தான் நான் அந்தக் கம்பெனியின் யோக்கியதைக்கு அளவுகோலாக வைத்திருக்கிறேன். கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் பார்ப்பதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நான் இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சொந்தக் கடை போட்டேன். அங்கே இடுக்கி, இங்கே பாலக்காடு. இரண்டும் கேரளம்; இரண்டு இடத்திலும் பேச்சு தமிழ், அரசாங்கத் தாள் மலையாளம். குமுளியில் "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்று நீட்டிய போனை இங்கே "ஏனுங் தம்பி, இது சரியாகுமுங்களா" என்று நீட்டுகிறார்கள். கள் இறக்குகிறவர் தென்னையிலிருந்து கீழே போட்டது, பால் சொசைட்டிக்காரர் கேனுக்குள் போட்டது என்று போன்கள் வரும். டிஸ்பிளே மாற்றுவது, சார்ஜிங் பின் மாற்றுவதுதான் வருமானம். சாப்ட்வேர் வேலையில் காசு குறைவு, ஆனால் மனசு அதில்தான் போகும்.

2014 டிசம்பரில் நடந்த ஒரு கூத்தை என்னைப்போன்ற கடைக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். ஸ்டீவ் கொண்டிக் என்பவர் 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட் அப்போது உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ரோம். தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டியது. 2013இல் அதைச் சுற்றி சயனோஜென் என்று ஒரு கம்பெனியும் உருவாகியிருந்தது. ஒன்பிளஸ் ஒன் போன் அந்த மென்பொருளோடு டிசம்பர் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. அதே மாதம் மைக்ரோமேக்ஸ் தன் யூ என்ற பெயரில் யுரேகா போனை 8,999 ரூபாய்க்கு அறிவித்தது. அதிலும் சயனோஜென். இந்தியாவில் இந்த மென்பொருளுக்கு எங்களோடு மட்டும்தான் ஒப்பந்தம் என்று மைக்ரோமேக்ஸ் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக, ஒன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை விழுந்தது. அதே மாதத்தில் இரு நீதிபதி அமர்வு அந்தத் தடையை விலக்கியது.

எல்லாருக்கும் பொதுவான நிரலுக்கு ஒருத்தன் எப்படித் தனி உரிமை கொண்டாட முடியும் என்று கடைக்கு வந்த பொறியியல் கல்லூரிப் பையன் ஒருவன் கொதித்தான். நிரல் பொதுதான். பெயரும் முத்திரையும் அப்டேட் அனுப்பும் சேவையும் பொது இல்லை. ஒப்பந்தம் அவற்றின் மேல். போன் வாங்கியவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஒன்பிளஸ் அடுத்த ஆண்டே ஆக்சிஜன் ஓ.எஸ். என்று தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டு நகர்ந்தது. சயனோஜென் கம்பெனி 2016 டிசம்பர் 31ஆம் தேதியோடு சேவைகளை நிறுத்தியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அறிவித்து ஒரு வாரத்தில் கடையை மூடினார்கள். ஆனால் நிரல் பொதுவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பழைய ஆட்களே லினேஜ் ஓ.எஸ். என்று அந்த டிசம்பரிலேயே மறுபடி தொடங்கினார்கள். கம்பெனி கைவிட்ட யுரேகா போன்களில் நான் லினேஜ் ஏற்றிக் கொடுத்து ஓடவிட்டிருக்கிறேன். கம்பெனி செத்தும் போன் சாகாமல் இருந்ததை என் மேசையில் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அதே 2016 நவம்பரில் இன்னொரு செய்தி. கிரிப்டோவயர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் புளூ ஆர்1 எச்.டி. என்ற மலிவு போனை ஆராய்ந்தது. அதில் அடப்ஸ் என்ற சீன நிறுவனத்தின் அப்டேட் மென்பொருள் இருந்தது. குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பட்டியலையும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அது சீனாவிலுள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்டேட் தருவதற்காக வைத்த கதவு வழியாகவே இது நடந்தது. அதற்கு முன் 2014இல் எப்-செக்யூர் நிறுவனம் ரெட்மி 1எஸ் போனைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சோதித்து, போன் எண்களும் ஐ.எம்.இ.ஐ.யும் வெளியே போவதைக் காட்டியது. ஷாவ்மி அதன்பின், இந்தத் தரவை அனுப்பிய மேகச்செய்தி வசதியைப் பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும்படி மாற்றியது. 2017இல் ஒன்பிளஸ் போன்கள் எந்தெந்தச் செயலி எப்போது திறக்கப்படுகிறது என்பதுவரை சேகரித்தது வெளியே வந்தது. இவை மூன்றையும் கண்டுபிடித்தவர்கள் போனிலிருந்து வெளியே போகும் தரவைப் பிடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மூடிய மென்பொருளில் வெளியாருக்குக் கிடைக்கும் சுலபமான வழி அதுதான். உள்ளே இன்னும் என்ன இருக்கிறது, எந்த நாளில் விழிக்கும் என்பது அந்த வழியில் தெரியாது.

எனக்கு இவற்றையெல்லாம்விட உறைத்தது 2018 ஏப்ரலில் வந்த ஒரு ஆய்வு. ஜெர்மனியின் எஸ்.ஆர். லேப்ஸைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் 1,200 போன்களின் மென்பொருளை அலசினார்கள். ஆண்ட்ராய்டில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ என்று ஒரு தேதி காட்டுமே, அந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய திருத்தங்கள் பல போன்களில் உள்ளே இல்லை. சில இடங்களில் திருத்தம் எதையும் போடாமல் தேதியை மட்டும் முன்னே நகர்த்தியிருந்தார்கள். குமுளியில் பேட்டரிக்கு அடியில் பார்த்த அந்த ஸ்டிக்கர் எண்ணும் இந்தத் தேதியும் எனக்கு ஒரே வகையாகத்தான் பட்டன. அன்றிலிருந்து, "அப்டேட் வந்திருக்குங்க, போனு சேப்தானுங்களே" என்று கேட்கிறவர்களுக்கு நான் ஆமாம் சொல்வதில்லை.

குமுளியில் பழக்கமான ஒரு ஏலத்தோட்டக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "புத்தடி ஏலத்துல சாம்பிளைக் கையில வாங்கி, உரிச்சு மோந்து பாத்துட்டுத்தான் வெல சொல்லுவோம். போன் வாங்குறப்ப மட்டும் மூட்டை வாயக் கட்டிக் குடுப்பாங்களாக்கும்" என்றார். நான் சொல்ல நினைத்துச் சொல்லத் தெரியாமல் இருந்தது அதுதான்.

இனி பூட்டு விவகாரம். போன் எழும்பும்போது முதலில் ஓடுவது பூட்லோடர். கம்பெனி கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும்தான் அது ஏற்கும். பூட்டைத் திறந்தால் நாம் விரும்புவதை ஏற்றலாம். ஷாவ்மி 2016 முதல் அனுமதி கேட்டுக் காத்திருந்து திறக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஹுவாவே 2018இல் திறப்புக் குறியீடு கொடுப்பதையே நிறுத்தியது. பூட்டு போட்டதற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பூட்டில்லாத காலத்தில் இடைத்தரகர்கள் போனை வாங்கி, விளம்பரச் செயலிகளைத் திணித்த ரோமை ஏற்றி, பெட்டியை மறுபடி ஒட்டி விற்றார்கள். அப்படிப்பட்ட போன்கள் எங்கள் மேசைக்கு நிறைய வந்தன. திருடியவனுக்கும் பூட்டு இடைஞ்சல்தான், நல்லது. என் புகார் சாவியைப் பற்றி. கூகுள் பிக்சல் போனில் பூட்டைத் திறந்து, வேறு மென்பொருள் ஏற்றி, அதன் சொந்தச் சாவியைப் பதித்து மறுபடி பூட்டிக்கொள்ள முடியும். பாதுகாப்பும் கெடாது, உரிமையும் போகாது. செய்ய முடிகிற காரியம்தான். பலர் செய்வதில்லை.

கடைக்காரனுக்கு இதில் விழும் அடி தனி. அப்டேட் பாதியில் நின்று டெட் ஆன போன் ஒன்று வந்தது. பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். கம்பெனியின் ஒரிஜினல் மென்பொருளைத்தான் நான் திரும்ப ஏற்றப் பார்த்தேன். டெஸ்ட் பாயிண்டைத் தொட்டு ஈ.டி.எல். என்ற மீட்பு மோடுக்குக் கொண்டுபோனால், அங்கீகாரமுள்ள கணக்கு வேண்டும் என்று கணினி கேட்கிறது. அந்தக் கணக்கு அவர்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும். சர்வீஸ் சென்டரோ போர்டையே மாற்றவேண்டும் என்று போன் விலையில் பாதியைக் கேட்டது. விளைவு என்னவென்றால், அந்த அங்கீகாரத்தை முகம் தெரியாத ஆட்கள் இணையத்தில் தடவைக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். பூட்டைப் பலமாக்கி நேர்மையாக வேலை பார்க்கிறவனை வெளியே நிறுத்திவிட்டு, கள்ளச் சந்தைக்கு வழிவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களின் யோக்கியதையையும் சொல்லவேண்டும். கம்பெனி ஒளிக்கிறது என்று பேசுகிற அதே வாயால், எவனோ உடைத்த பிளாஷ் டூலை ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஏற்றுகிறோம். எங்கிருந்தோ இறக்கிய ரோமைச் சரிபார்க்காமல் அடுத்தவர் போனில் போடுகிறோம். அந்தப் போனில் அவர் வங்கிக் கணக்கும் மகளின் படங்களும் இருக்கும். என் கடையில் பிளாஷ் வேலைக்குத் தனிக் கணினி, அதில் லினக்ஸ் மட்டும். கோப்பின் ஹாஷ் எண் வெளியிட்டவர் தளத்தில் உள்ளதோடு பொருந்தினால்தான் ஏற்றுவேன். போன்காரர் எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று சொல்லி, முதலில் எல்லாவற்றையும் அவர் கையிலேயே நகலெடுத்துக் கொடுத்துவிடுவேன். இதெல்லாம் தாமதம் என்று போகிறவர்கள் போகட்டும்.

கேரளத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் இந்தியாவில் வேரூன்றிய மாநிலம் இது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில். அரசுப் பள்ளிகளில் கணினி என்றால் லினக்ஸ்தான். மாநில அரசின் கைட் நிறுவனம் அதற்கென்றே தனிப் பதிப்பு வெளியிடுகிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஐ.டி. செய்முறைத் தேர்வை அதில்தான் எழுதுகிறான். எங்கள் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் அப்படியே. 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற பள்ளி மாணவர் மன்றத்துப் பிள்ளைகள் அசைபடம் செய்கிறார்கள், நிரல் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அப்பாவின் போனைக் கொண்டுவந்து, "அண்ணா, ஸ்கூல் லேப்டாப்புல எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ண சார் சொல்லிக் குடுத்தாருங்க. இதுல ஏன் முடியலீங்க?" என்று கேட்டாள். விளக்கினேன். "அப்ப இது அப்பா போன் இல்லீங்களா?" என்றாள்.

சரி, பூட்டைத் திறந்து லினேஜ் போட்டுவிடலாமே என்றால், இன்றைக்கு அதற்கும் விலை உண்டு. போனின் மென்பொருள் மாற்றப்பட்டதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையை வங்கிச் செயலிகள் கேட்கின்றன. பூட்டுத் திறந்த போன் அதில் தோற்கும். இளநீர்க் கடையிலும் யு.பி.ஐ. என்றாகிவிட்ட நாட்டில், பணம் அனுப்ப முடியாத போனை எவர் வாங்குவார்? கம்பெனி அப்டேட் நிறுத்தி மூன்று வருடமான, ஓட்டை நிறைந்த போனை அந்தச் சோதனை பல நேரம் நல்ல போன் என்று விடும். போன மாதத் திருத்தம் வரை ஏறிய லினேஜ் போனைச் சந்தேகப்படும். இதைவிடக் கோணல் எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இல்லை. ஆண்ட்ராய்டில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போன் கம்பெனிகள் மாற்றிய ஆண்ட்ராய்டை விற்கவிடாமல் ஒப்பந்தம் போட்டதும் அந்த வழக்கில் வந்தது. என் மேசையில் இதுவரை பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

அரசாங்கத்தையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாளையாறு, வேலந்தாவளம், போடிமெட்டு எல்லைச் சாவடிகள் மூடிக்கிடந்தபோது, ஆரோக்கிய சேது செயலியைப் போனில் ஏற்றித்தரச் சொல்லிப் பலர் வந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தபின், 2020 மே 26இல் அதன் ஆண்ட்ராய்டு மூலநிரலை வெளியிட்டார்கள். கேட்டால் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 2025 நவம்பர் கடைசியில் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய போன்களிலும் முன்கூட்டியே ஏற்றவேண்டும் என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3இல் அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சேவை நல்ல சேவை; தொலைந்த போனை முடக்க அதன் தளத்தைக் காட்டி நானே பலருக்கு உதவியிருக்கிறேன். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

புதுப் போன் வாங்கப்போகும்போது என்ன கேட்பது என்பார்கள். எத்தனை வருடம் அப்டேட், எழுத்தில் எங்கே இருக்கிறது? கெர்னல் மூலநிரல் வெளியிட்டிருக்கிறார்களா? பூட்லோடரைத் திறக்க வழியுண்டா, திறந்தால் வாரண்டி என்னாகும்? லினேஜ் தளத்தின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா? விற்பனைப் பையனுக்குப் பதில் தெரியாது. இருந்தாலும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காகவாவது விசாரித்து வைப்பான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்றபிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் அப்டேட் கொடுக்கவேண்டும் என்பது விதி. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, போன்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வேண்டும் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. உதிரிபாகம், கருவி, திருகாணி வகை இவற்றோடு மென்பொருள் அப்டேட்டையும் மதிப்பெண்ணுக்கு எடுத்திருக்கிறார்கள். அதில் இன்னும் ஒன்றைச் சேர்க்கவேண்டும்: ஒரு மாடலுக்கு அப்டேட்டை நிறுத்துகிற கம்பெனி, அன்றைக்கே அதன் பூட்லோடர் சாவியை வாங்கியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வரியைச் சட்டமாக எழுதுங்கள். என் கடை அலமாரியில் கிடக்கும் போன்களில் பாதியை நான் ஓடவைத்துத் தருகிறேன்.